உளி வெட்டும் சிவப்புக் கோடும்

என் நாத்தனாரின் வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தெருமுனையைத் தாண்டி நேர்ச் சாலையில் அது வேகம் பிடிக்கும்போதே பட்டறைக்குள் இருந்தபடி சொல்லிவிடுவேன். அன்று காலை அந்தப் பழகிய சத்தத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. பல்வலிக்காரர் வாயை மூடிக்கொண்டு முனகுவதைப் போல ஒரு 'ம்ம்ம்'. வாசலுக்கு அருகே வேகம் குறைந்ததும் அதுவும் அடங்கிப்போனது.

"கேட்டீங்களா?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"கேட்டேன். டயரா இருக்கும்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எந்த வண்டி என்ன சத்தம் போட்டாலும் அவருக்கு முதலில் டயர்தான். கதவுப் பூட்டு திறக்கவில்லை என்று யாராவது வந்தால்கூட டயரை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் சாவியைக் கேட்பார். கல்யாணமான புதிதில் இதை ரசித்தேன். இப்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பட்டறை எங்கள் இருவருடையது. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் அவர். வெல்டிங் முழுக்க நான். வண்டியின் அடிவயிற்று வேலைகளை இருவரும் சேர்ந்து செய்வோம். ஆனால் அடியில் படுத்துக் கிடப்பது பெரும்பாலும் நான்தான் என்பதால், வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு என் முகத்தைவிட என் செருப்பு நன்றாகத் தெரியும்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் வண்டு என்றுதான் கூப்பிடுவோம். சிறு வயதில் எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே திரிவாளாம், அதனால் வந்த பெயர். வளர்ந்து ஒரு ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போகிறேன் என்றாள். குடும்பமே தலையில் கை வைத்துக்கொண்டது. நான் ஒருத்திதான் 'போ' என்றேன். எங்கே பூ பூக்கிறதோ அங்கே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் அவள் பிழைப்பு. மேட்டுப் பாதையிலும் சேற்றிலும் போக வேண்டும் என்பதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய டிரக்கை வாங்கினாள்.

வண்டியை விட்டு இறங்கியவள் வழக்கம்போல டீ கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணி, மலைச்சரிவுல பூ வந்துடுச்சாம். தோட்டக்காரர் போன் பண்ணினார். நாளைக்குக் காலைல பெட்டியெல்லாம் அங்க இருக்கணும். இல்லன்னா வேற ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார், அவருக்கு இடத்தைக் குடுத்துடுவேன்னு சொல்லிட்டார்."

"போக வேண்டியதுதானே, என்ன தயக்கம்?"

"இந்த வண்டியிலயா?" என்றாள். "போன தடவை ஏத்திட்டுப் போனேன்ல, ஒரு வேகத்துக்கு மேல போனா தரையே அதிருது. பெட்டிக்குள்ள எல்லாம் வெறி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. போய் எறக்கிப் பார்த்தா ரெண்டு பெட்டியில தேனடை அறுந்து விழுந்திருக்கு. ஒண்ணுல ராணியே நசுங்கிச் செத்துடுச்சு."

எனக்குத் தேனீயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித்தான். இடி இடித்தால்கூட அதற்குக் கவலையில்லை, ஆனால் காலுக்குக் கீழே அதிர்ந்தால் யாரோ கூட்டைப் பிரிக்க வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஏற்றிப் போகும்போது பெட்டியின் வாசலை வலையால் அடைத்திருப்பதால் வெளியே வர முடியாது. உள்ளேயே குமுறி, சூடேறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும்.

"மெதுவா ஓட்டிட்டுப் போனா?"

"மெதுவாப் போனா வெயில் ஏறிடும் அண்ணி. அது இன்னும் மோசம்." கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் சரிவுதான் எனக்கு வருஷத்துக்கே சோறு போடறது. இதுவும் போச்சுன்னா பெட்டிய எல்லாம் வித்துட்டு, பழையபடி கணக்கு எழுதப் போயிடலாம்னு இருக்கேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் கடைக்குப் போய் வருகிறேன் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எப்ப இருந்து இந்தச் சத்தம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ஷாஃப்ட்ல கிராஸ் மாத்திக் குடுத்தீங்கல்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பக்கத்துலயே சும்மா ஓட்டிட்டு இருந்தேன். லோடு ஏத்திட்டு பெரிய ரோட்ல ஏறினப்பதான் கவனிச்சேன். வண்டிக்கு வயசாயிடுச்சு போல. நீங்க பார்த்த எடத்துல ஒண்ணும் இருக்காதுண்ணா."

அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் இருவரும் சந்தோஷமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம். பட்டறை வைத்திருப்பவர்கள் கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்வேன், எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு நானும் வண்டுவும் பெரிய சாலைக்குப் போனோம். ஒரு வேகம் வரும்வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியிலிருந்து அந்த முனகல் கிளம்பியது. ஸ்டியரிங் ஆடவில்லை. தரையும் இருக்கையும்தான் கிடுகிடுவென்று நடுங்கின. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. சக்கரத்தில் கோளாறு என்றால் அதிர்வு இவ்வளவு வேகமாக இருக்காது, தொம் தொம் என்று நிதானமாக வரும். இது அதைவிட வேகமாகச் சுற்றும் எதனுடையதோ வேலை.

நியூட்ரலில் போட்டேன். இன்ஜின் அடங்கியது. வண்டி தன் போக்கில் உருண்டது. முனகல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்ஜின் இல்ல," என்றேன். "பின்னாடிதான் எங்கயோ."

"எப்படி அண்ணி சொல்றீங்க?"

"இன்ஜினைத் தூங்க வெச்சிட்டேன், இது இன்னும் முழிச்சிட்டு இருக்கே."

திரும்பி வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "அப்ப டயர்தான்," என்றார். முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனாலும் மனிதர் விடவில்லை. பின்சக்கரங்களைக் கழற்றி, முன்சக்கரங்களை அங்கே மாட்டி, தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இறங்கும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. வண்டு ஓரமாக ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து வானத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் காலை டயருக்கே போய்விட்டது.

அடுத்து ஜாக்கி வைத்துத் தூக்கி, நான் அடியில் போனேன். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி, நடுவிலிருக்கும் ஒரு பெட்டியில் பிரிந்து, ஒரு ஷாஃப்ட் வழியாக முன்னாலும் இன்னொரு ஷாஃப்ட் வழியாகப் பின்னாலும் போகிறது. முன் ஷாஃப்ட் மேட்டில் மட்டும்தான் வேலை செய்யும், சமதரையில் தூங்கும். பின் ஷாஃப்ட்தான் எப்போதும் ஓடுவது. அதைப் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. முனைக்கொன்றாக நாங்கள் மாற்றிய சிலுவை வடிவக் கிராஸ் இரண்டும் புதிதாக, கிரீஸோடு, இறுக்கமாக இருந்தன. பிரித்தபோது போட்ட மார்க்கைப் பார்த்தேன். ஷாஃப்டின் மேலிருந்த சிவப்புக் கோடும் அதற்கு எதிரே இருந்த உளி வெட்டும் ஒரே நேராக நின்றன.

"மார்க் சரியா இருக்கு," என்று அடியிலிருந்தே சொன்னேன்.

"இருக்காதா பின்ன?" என்றார் மேலிருந்து.

சந்தேகம் தீரவில்லை. அப்படியானால் ஒரே வழிதான். "பின் ஷாஃப்டைக் கழட்டி வெச்சிட்டு, முன் சக்கரத்துல மட்டும் ஓட்டிப் பார்ப்போம்," என்றேன். போல்ட்டுகளை அவிழ்த்து ஷாஃப்டை இறக்கி வைத்துவிட்டு, நாலு சக்கர லீவரைப் போட்டு வண்டியைப் பெரிய சாலைக்குக் கொண்டுபோனேன். அதே வேகம் வந்தது. சத்தமே இல்லை. இன்னும் அழுத்தினேன். வண்டி பட்டுப்போலப் போனது. கண்ணாடியில் லாரி ஒன்றாகத் தெரிந்தது.

குற்றவாளி பட்டறைத் தரையில் படுத்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி பயம். ஏனென்றால் அந்த ஷாஃப்டைக் கடைசியாகத் தொட்டவர்கள் நாங்கள்தான்.

தொட்ட நாளில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய நாள், சேஸிஸ் விரிசல் விட்ட ஒரு வண்டிக்கு நான் வெல்டிங் செய்து முடித்திருந்தேன். வண்டிக்காரர் எடுக்க வந்தபோது நான் பக்கத்து வண்டிக்கு அடியில் கிடந்தேன். அவர் குனிந்து என் வேலையைப் பார்த்துவிட்டு, "என்ன கை சார் உங்களுக்கு, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார் என் வீட்டுக்காரரிடம். அதற்கு இந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "எல்லாம் அனுபவம்தான்," என்றார். யாருடைய அனுபவம் என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரத்தில் என் செருப்பு தெரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் அவருக்குச் சௌகரியமாகப் போயிருக்கும். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். அவரும் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் வண்டுவின் டிரக் வந்தது. கிராஸ் தேய்ந்து கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் அடியில் போனோம்.

அந்தப் பின் ஷாஃப்ட் ஒரே துண்டு அல்ல. நீளமான ஒரு குழாய், அதன் முனையில் செருகி நிற்கும் குட்டையான ஒரு துண்டு. உள்ளே பல் பல்லாக வெட்டியிருக்கும். பள்ளம் மேட்டில் பின் அச்சு ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கிராஸ் என்பது கொஞ்சம் வக்கிரமான சாமான். சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது, ஓடி நின்று ஓடி நின்று சுற்றும். ஒரு முனையில் ஒரு கிராஸ் செய்யும் கோளாறை மறுமுனையில் இருப்பது சரிசெய்யும். அதற்குக் கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு முனைக் கவைகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும். பல் சில தள்ளிச் செருகிவிட்டால், ஒன்று செய்யும் கோளாறை மற்றது தீர்க்காது. அதனால்தான் பிரிப்பதற்கு முன்பே இரண்டு துண்டிலும் நேருக்கு நேர் மார்க் போட்டுக்கொள்வோம்.

அவர் எப்போதும் உளியால் ஒரு சிறு வெட்டு போடுவார். நான் நகப்பூச்சால் ஒரு கோடு போடுவேன். வண்டு ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சிவப்பு நகப்பூச்சு அது. என் நகம் இருக்கும் லட்சணத்துக்கு அதைப் பூசினால் சிரிப்பார்கள் என்று டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வழக்கமாக 'நீங்க போடறீங்களா, நான் போடவா?' என்று கேட்டுக்கொள்வோம். அன்றுதான் பேச்சு இல்லையே. அவர் பக்கத்தில் அவர் இரண்டு துண்டிலும் வெட்டினார். என் பக்கத்தில் நானும் இரண்டிலும் கோடு போட்டேன்.

இத்தனையும் யோசித்துக்கொண்டே ஷாஃப்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஷாஃப்ட் சீராகச் சுற்றுவதற்காகக் குழாயில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள், அதில் ஏதாவது உதிர்ந்திருக்குமோ என்று பார்க்க வேண்டியிருந்தது. குழாய் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். அன்று என் சிவப்புக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்ததும் நான்தான். கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

முனைக்குப் பக்கத்தில் கத்தி ஒரு பள்ளத்தில் இடறியது. பெயின்டைச் சுரண்டி எடுத்தேன். உளி வெட்டு. பளிச்சென்று, என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதைப் போல இருந்தது. என் சிவப்புக் கோடு அதிலிருந்து நாலைந்து பல் தள்ளி இருந்தது.

"என்னங்க," என்று கூப்பிட்டேன். "இங்க வாங்க."

வந்து குனிந்தார். குழாயில் அவருடைய வெட்டு, பெயின்டுக்கு அடியில். குட்டைத் துண்டிலும் அவருடைய வெட்டு. ஆனால் அதற்கு நேராக நின்றது என் கோடு. குட்டைத் துண்டில் நான் போட்ட கோடு எங்கே?

"அதுல செவப்பா ஏதோ ஒட்டிட்டு இருந்துச்சு," என்றார் மெதுவாக. "மண்ணெண்ணெயில போட்டுக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சேன். பெயின்ட் தெறிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"உங்க வெட்டு மேல நான் பெயின்ட் அடிச்சிட்டேன். பழைய அடின்னு நெனச்சேன்."

அவர் என் மார்க்கில் பாதியை அழித்திருக்கிறார். நான் அவர் மார்க்கில் பாதியை மூடியிருக்கிறேன். திரும்ப மாட்டும்போது அவர் குட்டைத் துண்டை நீட்டினார், நான் குழாயை நீட்டினேன். என் கோட்டைப் பார்த்து, தன் வெட்டின் மேல்தான் நான் கோடு போட்டிருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் வெட்டைப் பார்த்து, என் கோட்டின் மேல்தான் அவர் வெட்டியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசாமல், அழகாக, தப்பாக மாட்டி முடித்தோம். அன்று சாயங்காலம் கரண்ட் போய், டார்ச் எங்கே என்று நான் கேட்க வேண்டியதாகிப் பேச்சு திரும்பிவிட்டது. வெல்டிங் விஷயம் மட்டும் பேசப்படாமலே உள்ளே கிடந்தது.

"கவைய ஒரு பார்வை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன். "மார்க் இருக்குன்னு விட்டுட்டோம்."

அவர் டிரம்மின் பக்கம் பார்த்தார். வண்டு இன்னும் அங்கேயேதான் இருந்தாள். "சொல்லணுமா?" என்று கிசுகிசுத்தார். "பல்லு மாறியிருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொன்னா போதாதா?"

சொல்லப்போனால் எனக்கும் அந்த ஆசை வந்தது. செத்துப்போன ராணி நினைவுக்கு வந்தது. நீங்கள் பார்த்த இடத்தில் ஒன்றும் இருக்காது என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"சொல்லணும்," என்றேன்.

எழுந்து போகலாம் என்று நான் முழங்காலைப் பிடித்து நிமிர்வதற்குள் அவர் போய்விட்டார். தங்கை முன்னால் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். எண்ணெய் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டு, தப்பு எங்களோடது. ஷாஃப்டை மாட்டினப்ப நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. ஆளுக்கொரு மார்க் போட்டு, மாத்தி மாட்டிட்டோம்."

வண்டு அவரையும் என்னையும் பார்த்தாள். "ஏன் பேசிக்கல?"

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒருத்தர் இவ வெல்டிங்கைப் பார்த்துட்டு என்னைப் பாராட்டினார். நான் பேசாம வாங்கிக்கிட்டேன். பண்ணது இவ. அந்தக் கை எனக்கு வராது."

அந்தக் கடைசி வார்த்தைகளுக்காக நான் எத்தனை நாள் உள்ளுக்குள் குமைந்திருப்பேன். கேட்டதும் சந்தோஷம் பொங்கியது. ஆனால் சந்தோஷப்படும் இடமாக அது இல்லை. வண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப அந்த ராணி இதனாலதான் செத்துச்சா?"

"ஆமா," என்றேன் நான். அது என் பங்கு.

வண்டு டிரம்மின் விளிம்பைச் சுரண்டினாள். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "ராணி போன பெட்டிய என்ன பண்ணினேன் தெரியுமா அண்ணி? இன்னொரு கூட்டத்தோட சேர்த்துட்டேன். நேராச் சேர்த்தா ரெண்டு கூட்டமும் அடிச்சிக்கிட்டுச் சாகும். அதனால நடுவுல ஒரு நியூஸ்பேப்பர் தாளை வெச்சு, மேலயும் கீழயும் வெச்சிடுவோம். பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு ஓட்டை போடறதுக்குள்ள ஒண்ணோட வாசனை இன்னொண்ணுக்குப் பழகிடும். அப்புறம் சண்டையே வராது." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேப்பர் வெக்கணும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. வண்டு மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் டிரம்மிலிருந்து இறங்கினாள். "சரி பண்ணுங்க," என்றாள். "இருட்டினதும் பெட்டிய அடைக்கணும்."

ஷாஃப்டைப் பிரித்தோம். இந்தத் தடவை மார்க்கை நம்பவில்லை. தரையில் வைத்து, இரண்டு முனையின் கவைகளும் ஒரே திசையில் நிற்கும்வரை பல் பல்லாக நகர்த்தினோம். "வந்துச்சா?" என்றார். "இன்னும் ஒண்ணு," என்றேன். "இப்ப?" "இப்ப சரி. நீங்களும் பாருங்க." அவரும் பார்த்தார். அவருடைய இரண்டு வெட்டுகளும் அப்போது நேருக்கு நேர் வந்து நின்றன. அதன் மேலேயே நான் நகப்பூச்சுக் கோட்டை இழுத்தேன். அவர் தடுக்கவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு வண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் காலையிலிருந்து அவள் வாங்கிய முதல் டீ. ஓட்டியது நான், நடுவில் அவள், ஓரத்தில் அவர். பெரிய சாலையில் அந்த வேகத்தைத் தொட்டேன். தாண்டினேன். அவள் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பார்த்தேன். டீயின் மேலே ஒரு சுருக்கம் இல்லை.

"குடி," என்றேன். குடித்தாள்.

அந்தி சாய்ந்ததும் தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய பிறகு, வலையை வைத்துப் பெட்டிகளை அடைத்தாள். விடிவதற்கு முன்பே ஏற்றினோம். நாங்களும் வருகிறோம் என்று சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு சக்கரத்தையும் போட்டு மேட்டுப் பாதையில் ஏறும் முன்பு ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் ஏறி, ஒரு பெட்டியில் காதை வைத்தாள். நான் கீழே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் கேளுங்க அண்ணி."

ஏறிக் காதை வைத்தேன். உள்ளே தாழ்ந்த குரலில் ஒரே சீராக ஒரு ரீங்காரம். எந்த அவசரமும் இல்லை.

"கோவம் வந்தா குரல் மேல ஏறும்," என்றாள். "இது சும்மா குடும்பம் நடத்தற சத்தம்."

மலைச்சரிவில் தோட்டக்காரர் காத்திருந்தார். வெயில் ஏறுவதற்கு முன்பே பெட்டிகளை வரிசையாக இறக்கி, வலைகளை எடுத்தோம். ஒன்று வெளியே வந்து வாசலில் நின்றது. இன்னொன்று வந்தது. பிறகு கூட்டமாக வந்து, பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்த்துக்கொண்டு, பூ இருந்த பக்கம் போயின. ஒரு பெட்டியையும் திறந்து அடையைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் வண்டு எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். கடைசிப் பெட்டியை மூடிவிட்டு, சிறு வயதில் செய்ததைப் போல எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"இந்த மேட்டுல இவ்வளவு அலுங்காம வந்து சேர்ந்திருக்கே, வண்டி வேலை யாரு பண்ணினா?" என்று கேட்டார் தோட்டக்காரர்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்தோம்," என்றார். "கண்டுபிடிச்சது இவ."

பூ முடிந்து, தேன் எடுத்து, எங்களுக்கும் ஒரு பெரிய பாட்டில் கொடுத்துவிட்டு, ஒருநாள் காலையில் வண்டு மறுபடி பட்டறைக்கு வந்தாள். ஷாஃப்டுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும், பிரேக்கையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கணக்கு ஆபீஸ் பேச்சையே அவள் பிறகு எடுக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். சாவிக்காக அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"பேசறோம், பேசறோம்," என்றார் அவர்.

"நான் அண்ணிகிட்ட கேட்டேன்."

அவர் அன்று காலையில் என் வெல்டிங் முகமூடியை என்னைக் கேட்காமல் எவனுக்கோ தூக்கிக் கொடுத்திருந்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்தார்.

வண்டு வண்டிக்குள் கையை விட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த ஒரு நியூஸ்பேப்பர் தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க," என்றாள்.

அன்று சாவி எங்கள் கைக்கு வர மதியம் ஆகிவிட்டது.